வயிற்றில் தெரிந்த வெள்ளைப் புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சௌக்கியம். முன்பெல்லாம் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இப்போது டாக்டரைக் கேட்டுவிட்டு எழுத வேண்டியிருக்கிறது. நேற்று கேட்டேன், தாராளமாக எழுதலாம் என்றார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் அம்மா ஃபோனில் அழுததைக் கேட்டு நீயும் அழுதாயாம். நேற்று அவள் ஒன்றுமில்லையாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அப்பாவே சொல்லுவார் என்று ஃபோனை என் கையில் திணித்தாள். எனக்கு வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

குடலில் கட்டிக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து நம் வீட்டில் ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருக்கிறது. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, தானாக வந்தது. எனக்கென்று வாங்குவதெல்லாம் சின்ன அளவிலேயே வருகிறது. சின்ன பற்பசை, சின்ன ஷாம்பு. உன் அம்மாவிடம் கேட்டால் கடையில் பெரிசு இல்லை என்கிறாள், தனக்கு மட்டும் பெரிசு எப்படியோ கிடைத்துவிடுகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்தபோது பல் டாக்டரம்மா அதன்மேல் தொப்பி மாதிரி மாட்டும் கேப் இரண்டு காட்டினார். ஒன்று வருஷக்கணக்கில் உழைக்குமாம், இன்னொன்று அது தயாராகும் வரை ஒப்புக்குப் போடுவதாம். ஒப்புக்குப் போடுவதே எனக்குப் போதும் என்றேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'சார், அதை நம்பி அவல்கூட மெல்ல முடியாது' என்றார். அவல் மெல்லும் உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு.

கேப் ஒருநாள் காணாமல் போயிற்று. வாய் கொப்பளிக்கும்போது வாஷ்பேசினில் போயிருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் ஏன் மட்டமானதைப் போட்டீர்கள் என்பாள், அதற்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும். மறுநாள்தான் வழக்கமான ஸ்கேன். குடலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. டாக்டர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சில நாள் கழித்து இன்னொரு தடவை எடுப்போம் என்றார். அந்தச் சில நாளில் அம்மா சமையலறை அலமாரியை மூன்று முறை காலிசெய்து திரும்ப அடுக்கினாள். உன் மாமா வந்து எனக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, 'மச்சான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சதில்ல' என்று அம்மாவிடம் சொன்னார். 'இன்னும் நெனைக்க நேரமிருக்கு' என்றேன், கிளம்பிப் போய்விட்டார். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அம்மா இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டாள். பயந்தேன். படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை எடுத்தபோது புள்ளி வேறு இடத்தில் இருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, சார் எதையாவது விழுங்கினீங்களா என்றார். அம்மா முந்திக்கொண்டு, 'இவர் முழுங்கறது என் பேச்சை மட்டும்தான் டாக்டர்' என்றாள். அப்போதுதான் என் நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் போய் அந்தக் காலி இடத்தைத் தொட்டது. சொன்னேன். டாக்டர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவிலிருந்து வீட்டு வாசலில் இறங்கியதும், 'ரொம்ப நாள் வேணாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?' என்று மட்டும் கேட்டாள். இன்று காலை அவளே என்னைப் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய் நல்ல கேப்புக்கு அளவு கொடுக்க வைத்தாள்.

இதில் நீ ஏமாந்துபோகக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்த முறை அது கேப். அடுத்த முறை என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நோய் திரும்ப வராது என்று எழுதித் தர முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த நாளெல்லாம் நானும் அடுத்த சோதனை வரைக்கும்தான் கையெழுத்துப் போட்டேன். ஜனங்கள் அதில்தான் ஏறி மாடியில் குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். எவரும் கீழேயே நின்றுவிடவில்லை.

நீ நின்றுவிட்டாய். உன் ஆபீஸ் வெளியூருக்கு அனுப்புவதாக இருந்த அந்த மூன்று வருஷத் துறைமுக வேலைக்கு வர முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டாயாமே, அம்மா சொன்னாள். ஒவ்வொரு ஸ்கேன் முடிவுக்காகவும் நீ காத்திருந்தால் எனக்கு இரண்டு நோய் ஆகிவிடும். ஒன்றையே சமாளிக்க முடியவில்லை. உன் மேலதிகாரியிடம் நேரில் போய், அவசரப்பட்டுவிட்டேன், இன்னும் இடம் இருக்கிறதா என்று கேள். காரணம் கேட்டால் அப்பா பல்லை விழுங்கிவிட்டார் என்று சொல், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்து நீ வரும்போது நான் இருப்பேன் என்று எழுத மாட்டேன். இருக்க ஆசைப்படுகிறேன் என்று எழுதுகிறேன். இதை நான் இன்னும் அம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, தபாலில் போடும் முன் அவள் படித்துத் தெரிந்துகொள்வாள்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அடுத்த ஸ்கேன் முடிவு வந்த அன்றே நானே கூப்பிட்டுச் சொல்வேன், நல்லதானாலும் இல்லாவிட்டாலும், ஒரு வார்த்தை குறைக்காமல். அதுவரை நீ விசாரிக்க வேண்டாம், உன் வேலையைப் பார். நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இரு, மகளே.

உன்
அப்பா