ரவைக் குழலுக்கு எண்ணெய்

முருகன் துணை

பதினாறாங்கட்டைத் தோட்டம்,
குருண், மலாயா.
1931 ஐப்பசி 8

அன்புள்ள அத்தானுக்கு,

துப்பாக்கியைக் கழற்றியபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி அழகேசன், பக்கத்து வீட்டுப் பிரேமாவதி, இயந்திரக் கொட்டகைப் பக்கிரிசாமி அண்ணன். வேறு யாரும் இல்லை. வெளியார் கை பட்டுவிட்டதோ என்று நீங்கள் அங்கே கிடந்து கவலைப்படக் கூடாதென்று இதை முதலில் எழுதுகிறேன்.

ஆயுத பூசைக்கு நீங்கள் செய்வது போலவே தம்பி செய்தார். தோட்டா இல்லையென்று பார்த்து, முன்கட்டையை எடுத்து, துப்பாக்கியை மடித்து, குழலைத் தூக்கித் தனியே வைத்தார். பெட்டியில் இருந்த, மாற்றி மாட்டுகிற இன்னொரு குழலையும் எடுத்தோம். புறாவுக்கு ரவை போடுகிற குழல், பன்றிக்கு ஒற்றைக் குண்டு போடுகிற குழல், இரண்டுக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்குக் கீழே கிடத்தினேன். நீங்கள் இல்லாத முதல் பூசை. குறை வந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பூசை முடிந்து குண்டுக் குழலை மாட்டப் பார்த்தார் தம்பி. தொழிலாளர் லய வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளியை எல்லாம் பன்றி உழுது போட்டிருக்கிறது. ரவையால் சுட்டால் சாகாது, காயத்தோடு ஆள்மேல் பாயும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். குழல் அதன் இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் மூடவில்லை. ஒரு நூல் இடைவெளி நிற்கிறது.

"அண்ணி, பூட்ட மாட்டேங்குது" என்றார்.

"பொட்டு வெச்சாச்சில்ல, இனிமே அது எங்கலா வாய மூடப் போவுது" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"நீங்க மொதல்ல மூடுங்கண்ணே, அது தானா மூடிக்கும்" என்றாள் பிரேமாவதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை, வேறாக மாறிவிட்டது. நீங்கள் இருந்தால் இதை ஒரு கையால் முடித்துவிட்டு, என்ன சாம்பார் என்று கேட்டிருப்பீர்கள்.

ரவைக் குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். "எண்ணெயா, கொழுப்பா அண்ணி?" என்று கேட்டார் தம்பி. ஆள் சீக்கிரம் வருவதாக இருந்தால் எண்ணெய், வருஷக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் கொழுப்பு. நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை நானும் கேட்டிருக்கிறேன். "மார்கழியில புறா வரும்போது உங்க அண்ணனும் வந்திடுவாங்க, எண்ணெயே போதும்" என்றேன்.

நீங்கள் கப்பலேறிப் பார்க்கப் போன அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? செவ்வாய் தவறாமல் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஆபீசில் உங்கள் கணக்கு வேலை தேங்கிக் கிடக்கிறதாம். "கிராணி எப்போது திரும்புகிறார்?" என்று தோட்டத்துத் துரை தம்பியிடம் கேட்டாராம். துரைக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
உமையாள்

*

நாகப்பட்டினம்,
ஐப்பசி 26

அன்புள்ள உமையாளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து வரவர அழகாகிறது. படித்து எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன்.

குழலுக்கு அடியில் கொக்கி போல் ஓர் இரும்பு வளைந்திருக்கும். சந்தனத்தை அங்கேயும் வைத்திருப்பாய். காய்ந்து கல்லாகியிருக்கும். ஒரு காகிதக் கனம் இருந்தால் போதும், துப்பாக்கி மூடாது. மூடாத துப்பாக்கியைச் சுடவே கூடாது, தம்பியிடம் கண்டிப்பாகச் சொல். கத்தியால் சுரண்ட வேண்டாம். தென்னங்குச்சியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். பிறகு குழலை மாட்டி, மூடி, முன்கட்டையைப் போட வேண்டும்.

அம்மா இப்போது எழுந்து உட்காருகிறார். கஞ்சி குடிக்கிறார். அண்ணன் தம் அரிசிக் கடையில் என்னை உட்காரச் சொல்கிறார். கடைத்தெருவில் என்னைச் 'சின்ன முதலாளி' என்கிறார்கள், கேட்க வேடிக்கையாக இருக்கிறது. துரைக்கு நானே எழுதுகிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ரவைக் குழலுக்கு எண்ணெய் போதாது. ஆட்டுக் கொழுப்பை உருக்கி, உள்ளும் புறமும் பூசி, சாக்கில் சுற்றி வைக்கவும். நீ தொட வேண்டாம், தம்பியைச் செய்யச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பரஞ்சோதி

*

முருகன் துணை

பதினாறாங்கட்டைத் தோட்டம்,
குருண்.
கார்த்திகை 17

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியபடியே சந்தனம் கொக்கியில்தான் இருந்தது. தம்பி ரப்பர்ப் பால் நிறுக்கப் போயிருந்தார். நானே தென்னங்குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். சாமிக்கு வைத்ததை மண்ணெண்ணெயால் எடுக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். குழலை மாட்டி மெதுவாக மூடினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் துடைத்து மூடுகிற அதே சத்தம். ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன்.

தம்பி ஒரு பன்றியைச் சுட்டார். ஒரே குண்டு, யாருக்கும் அடியில்லை. லயத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். நம் வாசலுக்கு வரவில்லை. மரவள்ளி இப்போது தப்பித்தது.

அத்தை எழுந்து உட்கார்ந்தது பெரிய சந்தோஷம். வேண்டுதலைச் செலுத்திவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருந்தது. கொக்கி இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, கடைத்தெரு இருந்தது. கப்பல் மட்டும் இல்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்தக் கொழுப்பில் வந்து நின்றேன். நல்லவேளை, தம்பிக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். கொழுப்பென்றால் அவருக்கும் புரியும்.

பிரேமாவதி என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, அத்தான் வரலியா?" என்றாள். "அப்படி ஒண்ணும் எழுதலியே" என்றேன். பொய் சொல்லவில்லை, நீங்கள் அப்படி எழுதவில்லைதான்.

ஆற்றோரத்து அத்திமரத்தில் பச்சைப் புறா இறங்க ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் கூட்டமாக வந்து உட்காருகிறது. நான் அதைத் தின்றவளும் இல்லை, நீங்கள் சுட்டுக்கொண்டு வந்தால் பின்வாசலோடு நிறுத்துபவள். இருந்தாலும் அது வந்ததும் எனக்கு உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிறது.

அண்ணன் கூப்பிட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அங்கேயே இருப்பதென்றால் என்னையும் கூப்பிடுகிறீர்களா, இங்கேயே இருக்கச் சொல்கிறீர்களா? எதுவானாலும் உங்கள் கையால் எழுதுங்கள். குழலைச் சாக்கில் சுற்றச் சொல்லி எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

ரவைக் குழலுக்கு எண்ணெய்தான் தடவியிருக்கிறேன். இங்கே ஓயாத மழை. எண்ணெய் நெடுநாள் தாங்காது, ஆகவே இன்று மறுபடியும் துடைத்துத் தடவினேன். கொழுப்புத்தான் பூச வேண்டுமென்றால் தம்பியிடம் விடமாட்டேன், நானே உருக்கிப் பூசிவிட்டுத் தலைமுழுகிக்கொள்கிறேன். அதற்கு முன் உங்கள் பதில் வேண்டும்.

எண்ணெயா, கொழுப்பா என்று சீக்கிரம் எழுதவும்.

உமையாள்