சேகரனுக்கு ஆறு கோஸ்டர்கள்

நவம்பர் 17, திங்கள்

விடியும்போதே மழை. முதல் பீரியட் வகுப்பு. பதினோரு வருடமாகத் திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கே. டைம்டேபிள் போடுகிறவர் எங்கள் வேதியியல் துறைத் தலைவர் சேகரன்.

ஸ்டாஃப் செக்ரட்டரி வசந்தி மேடம் லேபுக்கே வந்துவிட்டார். சேகரன் இந்த மாதத்தோடு ஓய்வு. 28-ஆம் தேதி பிரிவு உபசாரம். பரிசு என்ன கொடுப்பது?

"சார், உங்க மிஸஸ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பார்த்தேன். மரத்துல வட்டமா, அது நீங்களே செஞ்சதா?"

"ஆமா. கோஸ்டர். ஜூஸ் கிளாஸ், தண்ணி கிளாஸ் வைக்கிறது."

"கடையில வாங்குனதுன்னு நெனச்சிட்டேன் சார்! அதுலயே ஒரு செட் ஹெச்.ஓ.டி. சாருக்குக் குடுத்துடலாமா? ஆறு?"

கடையில் வாங்கியது என்று சொன்னதில் விழுந்துவிட்டேன். செய்கிறேன் என்று சொல்லி, அவர் படியிறங்கிப் போன பிறகுதான் யாருக்கு என்பது உறைத்தது.

ஸ்டேட்டஸ் போட்டதற்காக வீட்டில் கலாவிடம் சண்டை. "நல்லா இருந்துச்சு, போட்டேன். நல்லா இல்லாம செஞ்சிருந்தா நான் ஏன் போடப்போறேன்?" என்றாள். மனைவியிடம் ஒரு வாதத்திலாவது ஜெயிக்க வேண்டும், ஓய்வு பெறுவதற்குள்.

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். சேகரன் விஷயத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைப்போம்.

– சர்வீஸில் என்னைவிட மூன்று நாள் மூத்தவர். வேலை ஆர்டர் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி அஷ்டமி, சனி நவமி, மறுநாள் ஞாயிறு என்று என்னைப் பிடித்து வைத்தார்கள். திங்களன்று போனேன். அவர் அஷ்டமியன்றே போய்க் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த மூன்று நாள் வித்தியாசத்தில்தான் தலைவரானார்.

– திங்கள் முதல் பீரியட்.

– மாணவர்கள் முன்னால் கரும்பலகையில் என் சமன்பாட்டைத் திருத்தியது. திருத்தம் சரிதான். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

– என் மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ரசத்தில் உப்பு இல்லை என்றது.

அவர் தலைவரானதிலிருந்து வேலை தவிர வேறு பேச்சே இல்லை எங்களுக்குள். டிசம்பர் முதல் நான் தலைவர். ஆனால் எனக்குக் கீழே வேலை பார்க்க அவர் இருக்க மாட்டார். இதையும் பட்டியலில் சேர்க்க.

மாலை முத்தியால்பேட்டை. அந்தோணி மேஸ்திரியின் மரப்பட்டறை. வழக்கம்போல் கழிவுத் துண்டு பொறுக்கப் போனேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டை இடித்துக் கட்டுகிறாராம். பழைய ஜன்னல் சட்டங்கள் மழையில் நனைந்து கிடந்தன. உள்ளே முழுக்கத் தேக்கு.

"இன்னா சார், இந்த வாட்டி யாருக்கு?"

"வேண்டாத ஒருத்தருக்கு."

"அப்ப தேக்கு எதுக்கு சார்? தோ, இந்த மாமரத் துண்ட எடுத்துக்குங்க. மூணு மாசத்துல பூச்சி பூந்து பவுடரா கொட்டிடும்."

இருவரும் நன்றாகச் சிரித்தோம். தேக்கையே எடுத்துக்கொண்டேன். மாமரத்தையும் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

நவம்பர் 20, வியாழன்

கல்லூரிக்கு மழை விடுமுறை. பால்கனியில் வேலை. ஆணி பிடுங்கியது, பெயிண்ட் சுரண்டியது, ஆறு வட்டம் வெட்டியது. நான்கு அங்குலம். உப்புத்தாள் 80, பிறகு 120, பிறகு 220. ஈரத்தில் தூசு பறக்காமல் கையிலேயே அப்பிக்கொள்கிறது. கொடியில் கலாவின் புடவை. அது தனிக் கதை.

தேய்க்கும்போது ஒரு யோசனை. பிரெஞ்சு பாலிஷ்! கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அது அரக்கும் ஸ்பிரிட்டும்தான். ஈரம் நின்றால் வெளுத்துப்போகும். சேகரன் வீட்டில் முதல் விருந்தாளி ஜில்லென்று ஒரு கிளாஸை வைக்கட்டும், எடுக்கும்போது அடியில் வெள்ளை வளையம் இருக்கும். தண்ணீர் தாங்காத கோஸ்டர். நான் வாங்கிய டாக்டர் பட்டம் கடைசியில் ஒரு வேலைக்கு ஆயிற்று.

மாலை முழுக்க விசில். கலா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

நவம்பர் 22, சனி

கதவைச் சாத்திக்கொண்டு பாலிஷ், நான்கு பூச்சு. முகம் பார்க்கலாம். கழித்த துண்டு ஒன்றிலும் பூசி, ஐஸ் தண்ணீர் கிளாஸ் வைத்துச் சோதனை. இரண்டு மணி நேரத்தில் அழகான வெள்ளை வளையம். பரம திருப்தி. இரவு ஒரு தோசை கூடுதல்.

நவம்பர் 24, திங்கள்

முதல் பீரியட். பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் நனைந்த கோழிகள்.

வசந்தி மேடம்: "சார், பெட்டிக்குள்ள வைக்க உங்க பேரு போட்டு ஒரு அட்டை அடிக்கக் குடுத்துட்டேன். 'கைவேலை' அப்படின்னு. ஹெச்.ஓ.டி. சாரத் தவிர எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. பிரின்சிபால் அவருக்கும் ஒரு செட் கேக்குறாரு."

அப்போதுதான் புரிந்தது. வளையம் விழப்போவது சேகரன் மேல் இல்லை, என் பெயர் மேல். வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். "கெமிஸ்ட்ரி படிச்சவரு செஞ்சது, தண்ணி தாங்கல." ரசத்துக்கு உப்பு இல்லை என்று சொன்ன அதே குரலில்.

மாலை, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஆறையும் துடைத்து, மறுபடி உப்புத்தாள். கலா: "பளபளன்னு இருந்ததப் போயி ஏன் சொறண்டுறீங்க?"

"கணக்கு தப்பிடுச்சு."

கைக்கென்னவோ சந்தோஷமாக இருந்தது. லின்சீட் ஆயில் தேய்த்து வைத்தேன். தேக்கின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இதுதான் சரியான பூச்சு. தண்ணீர் தாங்கும், காய்ந்தால்.

நவம்பர் 26, புதன்

காயவில்லை. ஊரே ஊறிக் கிடக்கிறது, எண்ணெய் எங்கே காயும்? கிளாஸை வைத்துத் தூக்கினால் கோஸ்டரும் கூடவே வருகிறது. கலாவின் ஹேர் டிரையரை எடுத்தேன். பத்து நிமிடத்தில் அதிலிருந்து கருகல் வாசனை. பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாளை மறுநாள் விழா. ஒரே வழி, லேபில் இருக்கும் ஓவன். சாவி சேகரன் சட்டைப்பையில். யாரோ அதில் வேர்க்கடலை வறுத்ததிலிருந்து பூட்டியே வைத்திருக்கிறார். வறுத்தது நான். அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 27, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"ஓவன் சாவி வேணும் சார்."

"வேர்க்கடலையா?"

"இல்ல. மரம்."

சாவியைக் கொடுக்காமல் கூடவே வந்தார். ஐம்பது டிகிரி வைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போகவே இல்லை. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத்தான் என்று தெரியாது.

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"வேண்டியவரா?"

"இல்ல."

"வேண்டாதவருக்கா இவ்ளோ நைசா தேய்ச்சீங்க? அப்ப வேண்டியவங்களுக்கு இன்னா பண்ணுவீங்க?"

ஓவன் உறுமிக்கொண்டிருந்தது. எப்படி வாயில் வந்ததோ, கேட்டுவிட்டேன்: "நீங்க வேலையில சேர்ந்தது அஷ்டமி சார். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? அம்மா போவாதன்னுதான் சொன்னாங்க. காரைக்கால்லேருந்து பஸ்ஸுல வந்து எறங்கிட்டேன். இந்த ஊர்ல ஒரு ஆளத் தெரியாது. வேலையில சேர்ந்துட்டா ஸ்டாஃப் ரூம் பெஞ்சுல படுத்துக்கலாமேன்னு சேர்ந்துட்டேன். மூணு நாள் அங்கதான். நாலாம் நாள் நீங்க வந்தீங்க. வந்ததும் வராததுமா, 'எவன் இங்க பாய சுருட்டி வெச்சிருக்கான், இது காலேஜா சத்திரமா'ன்னு ஒரு சத்தம்."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் அது என் வாக்கியம்தான். மறுக்க முடியாது.

"அதுக்காகவா சார் திங்கள் முதல் பீரியட்?"

"பின்ன?"

சிரிக்கத் தொடங்கியது நான்தான். அவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். என்னவோ வெடித்துவிட்டது என்று லேப் அட்டெண்டர் ஓடி வந்தார்.

மூன்று மணி நேரம். தொட்டால் ஒட்டவில்லை. பட்டு மாதிரி.

நவம்பர் 28, வெள்ளி

விழா. மாலை, பொன்னாடை, மைசூர்பாகு. பிரின்சிபால் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு மேடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். சேகரன் அட்டையை எடுத்தார், படித்தார். கோஸ்டரைப் பார்த்தார். மைக் கையில் இருப்பதையும் மறந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப, அந்த ஆளு நான்தானா?"

"ஆமா சார்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வசந்தி மேடம் வந்து காதில் கேட்டார், இன்னா சார் ஜோக்கு என்று. சொல்லவில்லை. சேகரனும் சொல்லவில்லை. ஆனால் நன்றி சொல்லி முடிக்கும்போது, "மூணாவதுல மட்டும் ஓரம் கொஞ்சம் கூரா இருக்கு" என்று மைக்கில் சொன்னார். நூறு பேர் முன்னால். பட்டியலில் சேர்க்க.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில்! ஊர் முழுக்க மாடியில் துணி. தலைவர் நாற்காலியில் இரண்டாம் நாள். நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது.

மதியம் சேகரன் போன்.

"சார், ஒரு சிக்கல். எங்க வீட்டம்மா அந்த வட்டத்த எடுத்து டம்ளர் மேல மூடி வெக்கிறாங்க. ஈ விழாம இருக்குதாம்."

"ஐயோ, அது கீழ வைக்கிறது சார்!"

"சொல்லிட்டேன். 'இவ்ளோ அழகா இருக்கறத யாராவது அடியில வெப்பாங்களா, நீ சும்மா இரு'ங்குறாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க. செஞ்ச ஆளு வந்து சொல்லட்டுமாம். உங்க வீட்டம்மாவயும் கூட்டிக்கினு வாங்க."

சனிக்கிழமை நாலு மணிக்கு. விளக்கிச் சொல்லத்தான் போகிறேன். வேறு ஒன்றுமில்லை. ஓரம் தேய்க்க 220 உப்புத்தாள் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும்.