ஒரு கொப்பு மாவிலை

ஹனூர்
14.6.2024

அன்புள்ள ஜேன்,

நல்லபடியா மைசூர் போய்ச் சேர்ந்தியா? மெர்வின் அண்ணனைக் கேட்டதாகச் சொல். ஃபோனில் சொன்னால் அழுதுடுவேன், அதான் நம்ம ஹாஸ்டல் பழக்கப்படி எழுதறேன்.

நீ படம் எடுத்த அரசவால் குருவிக் கூடு போச்சுடி. நீ கிளம்பின மறுநாளே காக்கை வந்து மூணு குஞ்சையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. அப்பன் குருவி அந்த நீள வெள்ளை வாலை வெச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்திக் கத்துது, கேட்க முடியலை.

போய்ப் பார்த்தால் கூட்டை மறைச்சிருந்த மாங்கொப்பைக் காணோம். வேற யாரு, பசம்மாதான். நீ படம் எடுத்த அன்னைக்குச் சாயங்காலம் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தா. "நானல்லக்கா, நானல்லக்கா"ன்னு கன்னடத்தில் ஒரே சத்தியம். பதினோரு வருஷமா நம்ம தோட்டத்துக்கு வர்றவ, இப்படிப் பொய் சொல்றாளேன்னுதான் ஆத்திரம். இனிமே இந்தப் பக்கமே வராதேன்னு விரட்டிட்டேன்.

உன்
சக்தி

மைசூர்
2.7.2024

என் பிரியமான சக்தி,

கர்த்தர் கிருபையில் இங்கே சுகம். உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. ஆஸ்பத்திரியில் டெங்கு கூட்டம், டியூட்டிக்கு மேல் டியூட்டி, அதான் தாமதம்.

குஞ்சுகளை நினைச்சால் மனசு கனக்குது. காட்டில் இதெல்லாம் நடக்கிறதுதானே. பசம்மாவை ரொம்பத் திட்டாதே, பாவம். காற்றுக்குக்கூட முறிஞ்சிருக்கலாம்.

மெர்வின் வழக்கம்போலக் கிண்டல்தான். முப்பது வருஷமா அவரை விட்டுட்டு லென்ஸோடதான் குடும்பம் நடத்துறேனாம்.

அன்புடன்
ஜேன்

ஹனூர்
9.2.2025

அன்புள்ள ஜேன்,

கண்காட்சியில் உன் படத்துக்கு முதல் பரிசாமே! பேப்பரில் பார்த்துட்டு வீட்டுக்காரர் தெருவுக்கே காட்டினார். மூணு குஞ்சும் வாயைப் பிளக்க, அப்பன் இரை ஊட்டுதே, அடேயப்பா! ஒரு இலைகூடக் குறுக்கே இல்லை. கைராசிக்காரிடி நீ.

பசம்மா ஆடுகளை வித்துட்டாளாம். நான் விரட்டினதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் அவளைச் சேர்க்கலை. தழைக்கு எங்கே போவா? இப்ப கல் குவாரிக்குப் போறா. கேட்டதிலிருந்து ஒரு மாதிரியா இருக்கு. ஆனால் செஞ்சது அவதானே?

உன்
சக்தி

மைசூர்
16.2.2025

சக்தி,

அவள் செய்யவில்லை. நான்தான் வெட்டினேன்.

நீ காபி போட உள்ளே போனாயே, அப்போது. குருவி இரையோடு வந்து வந்து போகுது, ஒவ்வொரு படத்திலும் அந்த இலைகள் குறுக்கே. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. கேமரா பையில் கத்தரி இருந்தது. நறுக்கிக் கொப்பை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டேன்.

படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா? கூட்டருகே இலையை வெட்டாதே, நூலால் ஒதுக்கிக் கட்டு, போகும்போது அவிழ்த்துவிடு. நூலும் பையில்தான் இருந்தது. கட்ட ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குப் பொறுமை இல்லை எனக்கு.

உன் முதல் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெட்கங்கெட்டவள், காற்று என்று எழுதினேன். மேடையில் சால்வை போட்டபோது, இலை மறைக்காமல் எப்படி அமைந்தது என்று ஒருத்தர் கேட்டார். அதிர்ஷ்டம் என்று சிரித்தேன்.

நேற்று போய் உண்மையை எழுதிக்கொடுத்துப் பரிசைத் திரும்ப ஒப்படைத்துவிட்டேன். அது பெரிய காரியம் இல்லை, தெரியும். பசம்மாவைப் பார்க்க வரட்டுமா? அவள் காலில் விழவும் தயார். நீ வா என்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

ஜேன்

ஹனூர்
20.5.2025

ஜேன்,

பதில் எழுத மூணு மாசமாச்சு. இடையில் நீ எத்தனை தடவை ஃபோன் பண்ணினேன்னு தெரியும். எடுக்கப் பிடிக்கலை.

உன் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பசம்மாவுக்குக் கன்னடத்தில் வாசிச்சேன். குவாரித் தூசியில் இருமிக்கிட்டே கேட்டா. "அந்தம்மாவை எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியுமே அக்கா"ன்னா. தோட்டத்துக்குத் திரும்ப வரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். வரலை.

உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. அன்னைக்கு அங்கே நீயும்தான் இருந்தே. உன்னை ஒரு வார்த்தை கேட்கணும்னுகூட எனக்குத் தோணலை பாரு. கத்தரி வெச்சவளை விட்டுட்டுக் கத்தரியே இல்லாதவளைப் பிடிச்சேன். அந்தப் பாவம் என்னுடையது, நீ வந்து காலில் விழுந்தால் தீராது. நீ வர வேண்டாம்.

குருவி ஜோடி இந்த வருஷமும் வந்திருக்கு. கூடு கட்டுது. எந்த மரம்னு உனக்குச் சொல்ல மாட்டேன்.

சக்தி