முன் இருக்கை

பொம்மனஹள்ளி,
மார்ச் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆபீஸ் விருந்தினர்களுக்கு ஹம்பியைக் காட்டப் பெல்லாரிப் பக்கத்துக் குட்டி விமான நிலையத்துக்குப் பறந்தோம். பயப்படாதீர்கள். சின்ன விமானம், எடை பார்த்துத்தான் உட்காரவைத்தார்கள்.

"மேடம், நீங்க மொதல்ல ஏறி முன்னாடி உக்காந்தாத்தான் பிளேன் கிளம்பும்" என்றாள் பணிப்பெண்.

நான் எதிரே வந்தால், "தாலியறுத்தவ வர்றா" என்று பயணத்தையே நிறுத்துகிற சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: எல்லோரும் பத்திரமாக இறங்கினோம்.

ஹம்பியில் கல்தேரைப் பார்த்ததும் "அம்மா, பாருங்க" என்று திரும்பினேன். பக்கத்தில் நீங்கள் இல்லை, ஆபீஸ் விருந்தினர்கள்தான். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு வருகிறேன். ஒதுங்கி நிற்க மாட்டேன். மணமேடை எதிரே, முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்த பிறகு மேளம் கொட்டட்டும்.

உங்கள் மகள்,
சாந்தகுமாரி