திருப்பிப் பார்த்த கரண்டி

மேசையில் உன் வெள்ளித் தேக்கரண்டி இருக்கிறது. எலுமிச்சைச் சோப்பு வாசம் இன்னும் போகவில்லை. அந்த வாசம் வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறதடா.

பழம்பொருள் சந்தையில் நாம் ஞாயிறுதோறும் ஆங்கிலேயர் காலத்துக் கரண்டிகளைத் தேடி அலைந்தோம். காம்பின் பின்புறம், நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் அசல் வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காம் நகரில் முத்திரையிட்டது. அந்தப் பழக்கத்தில் கல்யாண வீட்டிலும் என் கை கரண்டியைத் திருப்பும். "பாயசம் குடிக்க வந்தியா, சிங்கம் புடிக்க வந்தியா லா?" என்பாய்.

நீ போன நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக் கிள்ளானில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். பாயசக் கிண்ணத்தோடு கரண்டி வந்தது. உன் படத்துக்கு முன்னாலேயே அதைத் திருப்பினேன். என் மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. ஒன்றும் தெரியாமல் முகத்தைச் சுளித்து வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.

உன் மனைவி பதறி வந்தாள். "அழுக்கா இருக்கா அண்ணே? குடுங்க, கழுவிட்டு வரேன்."

"விருந்தாளிக்கு வைக்கிறத பாத்து வைக்க வேணாமா?" என்றார் உன் அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி. உன் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. துக்க வீட்டில் வெள்ளி முத்திரை தேடினேன் என்று எந்த வாயால் சொல்வது? கரண்டியை அவளிடம் நீட்டினேன். அவள் மற்றவர்கள் கரண்டிகளையும் வாங்கிப்போய்க் கழுவினாள்.

போன வாரம் மறுபடி போனேன். தேநீர் ஊற்றுமுன் என் கண்ணெதிரே கோப்பையைக் கழுவினாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு நான் பாத்தது அழுக்க இல்லம்மா. சிங்கம் இருக்கான்னு பாத்தேன்."

அவள் குழாயை மூடினாள். "நீங்க சிங்கம் தேடுவீங்கன்னு தெரியும் அண்ணே. நீங்க திருப்புவீங்கன்னுதான் எல்லாருக்கும் எவர்சில்வர் வெச்சுட்டு, உங்களுக்கு மட்டும் அவரோடத வெச்சேன். பாத்ததும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன். மூஞ்சிய சுளிச்சீங்க. அவரு மாதிரி எனக்குத் தொடைக்கத் தெரியல போலன்னு நெனச்சுட்டேன்."

உள்ளே போய் அதே கரண்டியைக் கழுவித் துடைத்து, உன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். வாங்க மாட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு முகமில்லை.

எத்தனையோ பேர் வீட்டுக் கரண்டியைத் திருப்பிய கை இது. உன்னுடையதை மட்டும் வைத்தபடியே வைத்திருக்கிறேன். கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிங்கத்தின் முகத்தில் விழிக்க இன்னும் துணிவு வரவில்லை.