சாயப் பானையில் வெந்த இறக்கை

காலையில் நம் பேத்தி நகப்பூச்சுப் போத்தலைத் திறந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் பொம்மை விமானம் ஒட்டிய பசைக்கும் இதே மணம்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. காய்ச்சலில் கிடந்து எழும்பிய உங்களைக் கை நடுக்கம் விடவில்லை. கல்முனையில் உங்கள் மணிக்கூடு திருத்தும் கடை பூட்டியே கிடந்தது. சவூதியிலிருந்து லீவில் வந்த உங்கள் தம்பிதான் அந்த பிளாஸ்டிக் ஜெட் பெட்டியைத் தந்தார். உள்ளே நூற்றுக்கு மேல் துண்டுகள். விமானியின் இருக்கை என் சுண்டுவிரல் நகமளவு இருந்தது.

"தலைக்கு மேல கிபிர் பிளேன் பறக்கிறது காணாதா, வீட்டுக்குள்ளயும் ஒண்டு வேணுமா?" என்று கேட்டேன்.

"இது குண்டு போடாதுகா. இத முடிச்சிட்டனெண்டா கடையத் திறப்பன். முடிக்க ஏலாட்டி இந்தக் கை இனி மணிக்கூட்டுக்கு ஒதவாது" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

இருக்கையை ஒட்ட மட்டும் மூன்று நாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாவணத்தால் துண்டைத் தூக்கி, நடுங்கினால் கீழே வைத்து, பிறகும் தூக்குவீர்கள். சக்கரங்கள் நேராக நின்ற அன்று கடைச் சாவியைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தீர்கள். வர்ணம் பூசுவதற்குத்தான் பயந்தீர்கள். "தூரிகை கையில நிக்குதில்லகா."

அந்த வெள்ளிக்கிழமை இறக்கையின் இரண்டு பாதியையும் ஒட்டி, ரப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனீர்கள். முற்றத்தில் சாரன் நெய்யும் நூலுக்குச் சாம்பல் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. நெசவு ஊரான மருதமுனையில் பிறந்தவளுக்கு நூலைத் தவிர என்ன தெரியும்? கொதிக்கிற சாயத்தில் தோய்த்தால் ஒரே சீராகப் பிடிக்கும், நீங்கள் தூரிகை தொடவே தேவையில்லை என்று நினைத்து இறக்கையை உள்ளே விட்டேன். சாயம் ஒட்டவில்லை. வெளியே எடுத்தபோது இறக்கை பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. கழுவித் துடைத்து, ரப்பர் வளையத்தையும் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீங்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து பார்த்தீர்கள். இறக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினீர்கள்.

"இறக்கைய ஒட்டக்குள்ள கை நடுங்கியிருக்கு. எனக்கே தெரியல்ல."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சோறு போடட்டா?" என்றுதான் வந்தது.

"ஓம்" என்றீர்கள்.

பின்னேரம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தக் கிழமைக்குள்ளேயே கடையையும் சாமான்களையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அதன்பிறகு சொல்லி என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டேன். என் தறிக்கு நூல் சுற்றித் தந்தே மிச்சக் காலத்தைக் கழித்தீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கமும் நின்றுபோனது. நீங்கள் சுற்றிய நூல் அறுந்ததாக எனக்கு நினைவில்லை. "கை நல்லாத்தானே இருக்கு, திரும்ப ஒரு கடை போடுங்களன்" என்று ஒருநாள் சொன்னேன். "அந்த இறக்கைய நீ பாத்தாய்தானே" என்றீர்கள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போவதற்கு முந்திய நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையால உனக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு" என்றீர்கள். பாவி நான், அப்போதும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உங்கள் கபுறடியில் நின்று சொல்லவும் எனக்கு வழியில்லை. ஐந்து வக்துத் தொழுகையிலும் உங்களுக்காக துஆக் கேட்கிறேன். ஏந்துவதோ, அந்த இறக்கையைக் கொதிக்கும் சாயத்தில் போட்ட கைகளைத்தான்.