எல்லையில் நிற்கும் மணத்தேரின் மூடி

நலம் ஓங்குக. ஏழு கழிமுகங்களுக்கு உரியவரும், அலைக்கொடி உயர்த்தியவரும், விருந்தினர் பசி பொறாதவருமாகிய கடல்நாட்டு மன்னர் நன்மாறவேள் திருமுன்னர், குன்றநாட்டு அரசி மாதங்கவல்லித் தேவியாரின் ஆணையால் அமைச்சன் ஆதன் அழகன் எல்லைச் சாவடியிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. எங்கள் மலைச்சுனைகள் வற்றாதிருக்க. இன்று எழுந்த குழப்பம் மாலைக்குள் தீர்க.

முன்னொரு போரில், குதிரையின்றி எண்ணெயால் ஓடும் பொறித்தேர்களின் முகப்பு மூடிக்குள் வாள்களை ஒளித்துக் கொணர்ந்தவர் எங்கள் நாட்டார். அன்று முதல் குன்றநாட்டுத் தேர் எதுவாயினும் எல்லையில் நிற்பதும், கடல்நாட்டார் தம் கையால் மூடியைத் தூக்கி, உள்ளே பொறி மட்டுமே உண்டெனக் கண்டபின் வழிவிடுவதும் வழக்கம். இன்று காலை எங்கள் இளவரசி கயல்நங்கையார் மணக்கோலத்தில் வந்த தேரைத் தங்கள் காவல்தலைவர் வேட்டுவர்கோன் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். திறக்கும் தாழ் எங்கும் அகப்படாமையால் ஐயுற்று வழி மறித்தார். அவரைக் குறைகூற மாட்டேன். ஆயினும் நாளை விடியலில் தங்கள் திருமகனாருடன் முகூர்த்தம்.

நடந்தது இதுவே. பழைய தேர்க்கூடு மாடம்போல் நிமிர்ந்திருந்தது. மூடியும் நெற்பெட்டிபோல் நிமிர்ந்து, இருபுறமும் பித்தளைத் தாழ்களோடு அதற்குப் பொருந்தி நின்றது. இப்போதோ தாழ்ந்து நீண்டு வளைந்த கூட்டையே ஊரெல்லாம் விரும்புகிறது. அதன் முன் பழைய மூடியைப் பொருத்தியபோது, பட்டுடுத்திய பெண் மடியில் நெற்பெட்டியைச் சுமந்தாற்போல் இருக்கிறதென்று இளவரசியார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆகவே தேர்த்தச்சன் கொற்றன் மூடியைத் தாழ்த்தி, அகலமாக்கி, சக்கரங்களின் மேல்வரை வழியவிட்டு, வளைவின் அழகைக் கெடுத்த தாழ்களை நீக்கி, ஈடாக, உள்ளிருந்து இழுத்தால் மூடி விடுபடும்படி இருக்கையின் கீழ் ஒரு பிடியை அமைத்தான். வேலையில் மூழ்கியவன் எல்லை வழக்கத்தை அடியோடு மறந்தான். அருகே நின்ற அடியேனும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேனேயன்றி நினைவூட்டினேனில்லை.

குன்றநாட்டார் கை மூடியையோ அதை விடுவிக்கும் பிடியையோ தொடலாகாது என்கிறார் வேட்டுவர்கோன். கோடரியால் பிளந்துவிடலாமா என்றும் வினவினார். அதைக் கேட்ட கொற்றன் மூடியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான், இன்னும் எழவில்லை.

இந்நிலையில் இளவரசியார் விண்ணப்பிப்பது: பழைய மூடியை எவரும் அவரைக் கேளாமலே திறந்திருப்பர். இம்மூடிக்கோ உள்ளே அவர் பிடியை இழுக்க வேண்டும், வெளியே தாங்கள் தூக்க வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. வாழவரும் வீட்டில் தம் கைக்கும் இடமுண்டு என்று அறிய அவர் ஆசைப்படுகிறார். தாங்களே எழுந்தருளி இசைவளித்தால், வழக்கமும் நிற்கும், எங்கள் பெண்ணும் மகிழ்வாள்.

மூடிக்குள் பொறியோடு வேறொரு பொருளும் இருப்பதை மறைக்க மாட்டேன். அது வெண்கலப் பானையில் தேன்விட்ட தினைப்பொங்கல். மாமனார்க்கென்று இளவரசியார் தாமே சமைத்து, சூடு தணியாதிருக்கப் பொறியருகே வைத்தார்.

இதற்குச் சான்று எங்கள் மலைமுத்திரை. அரசியாரின் ஆணைப்படி தூதன் தங்கள் விடையோடன்றித் திரும்பான். பொறி ஆறத் தொடங்கிவிட்டது. மன்னர் விரைந்து வருக.